களப்பணியாளரின் களைப்புக்கு ஒரு நாள் பட்டறை மருந்தாகுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் செயற்றிட்ட முகாமையாளராக வேலை செய்கிறேன். எனக்குக் கீழே 11 கள உத்தியோகத்தர்கள். எல்லோரும் மீள்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். வாழ்வாதார உதவிக்குப் பயனாளிகளைத் தெரிவு செய்வது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது என்று இவர்களுடைய வேலை. கடந்த ஒரு வருடத்தில் 4 பேர் விலகிவிட்டார்கள். இருப்பவர்களும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுகிறார்கள். இரவில் நித்திரை இல்லை என்கிறார்கள். "என்ன செய்து என்ன ஆகப்போகிறது?" என்று முன்பு துடிப்பாக இருந்த பிள்ளையே கேட்கிறாள். பட்டியலில் பெயர் வராத ஒருவர் போன மாதம் அவளுடைய வீட்டுப் படலைக்கே வந்து ஏசிவிட்டுப் போனார். கொழும்பு அலுவலகம் இதை "ஊக்கக் குறைவு" என்கிறது. விடுதி ஒன்றில் யோகாசனம், தியானம், குழு விளையாட்டு என்று ஒரு நாள் மன அழுத்த முகாமைத்துவப் பட்டறை நடத்தப் பணம் ஒதுக்கியிருக்கிறது. நீங்கள் வந்து நடத்தித் தருவீர்களா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஆலோசகரின் ஒரு மாதக் கொடுப்பனவு எங்கள் பிள்ளைகளின் ஒரு வருடச் சம்பளத்தை நெருங்குகிறது என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அதன் பிறகு நிலைமை இன்னும் மோசம்.

— முகாமையாளர், கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பட்டறையை நடத்த நான் வரவில்லை. வேறு யாரையும் அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். யோகாசனத்தின்மேலோ தியானத்தின்மேலோ எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. விரும்பிச் செய்கிறவர்களுக்கு அவை நல்லவைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றைக்கூட அந்த ஒரு நாள் தொடாது. தலையிடிக்குத் தலையணையை மாற்றுகிற கதையாகத்தான் முடியும். மறுநாள் காலை அதே பட்டியலோடு, அதே மோட்டார் சைக்கிளில், அதே ஊருக்குள் போய் அந்தப் பிள்ளைகள் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, "குறை உங்கள் மனதில்தான் இருக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் கூட்டி வந்தோம்" என்று அந்தப் பட்டறை சொல்லாமல் சொல்லிவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஓயாத களைப்பு, வேலையிலும் மனிதர்களிலும் வந்துவிட்ட கசப்பு, செய்வதால் பயனில்லை என்ற எண்ணம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதைப் பணிச்சோர்வு என்கிறோம். உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இது ஒரு நோயாகச் சொல்லப்படவில்லை; பணியிடத்தில் நீடிக்கும் நெருக்கீட்டைச் சரிவரக் கையாளாததால் வருகிற நிலை என்றே இருக்கிறது. இந்தத் துறையில் அதிகம் ஆராய்ந்தவர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அது முளைக்கும் இடங்களாக ஆறைக் காட்டினார்கள்: வேலைப் பளு, வேலையின்மேல் நமக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் ஊதியமும் மதிப்பும், சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள். ஆறுமே வேலையும் மனிதரும் சந்திக்கிற இடங்கள். அங்கேதான் நாம் கைவைக்க வேண்டும்.

கிளிநொச்சியும் சேர்ந்த வன்னிப் பகுதியில் பணியாற்றிய உள்ளூர்த் தொண்டு நிறுவன ஊழியர்களைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய 400 பேரைக் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஐந்தில் ஒருவருக்கு மனவடுவின் அறிகுறிகள். வட உகாண்டாவின் குலுவில் உள்ளூர் ஊழியர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்விலும் ஏறக்குறைய இதே நிலைதான். போரைத் தாங்கியவர்களிடம் இது இருக்கத்தானே செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மை. ஆனால் வன்னி ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேலையின் தன்மையும் கொடுப்பனவுகளும் தொடர்பான நெருக்கடிகள் அந்த அறிகுறிகளோடு சேர்ந்தே இருந்தன; நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் உறவு நன்றாக இருந்த இடத்தில் அறிகுறிகள் குறைவாக இருந்தன. நடந்து முடிந்த போரை உங்களால் மாற்ற முடியாது. நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் உள்ள உறவு உங்கள் கையில் இருக்கிறது.

சம்பளப் பிரச்சினைக்கு வருகிறேன். தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் பிள்ளைகள் மனதில் அதுதான் முதலில் இருக்கும். 1990களில் மலாவியில் வேலை செய்த ஸ்டூவர்ட் கார், மால்கம் மக்லாக்லன் என்ற இரு உளவியலாளர்கள் இதை நேரில் கண்டு எழுதினார்கள். ஒரே அலுவலகத்தில், ஏறத்தாழ ஒரே தகுதியோடு, ஒரே வேலையைச் செய்யும் இருவரில் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு ஊதியம். குறைவாகப் பெறுபவர் மனம் விட்டுப்போய் வேலையிலிருந்து விலகி நிற்கிறார். கூடுதலாகப் பெறுபவரோ முதலில் கூச்சப்படுகிறார். பிறகு "எனக்குத் திறமை கூட, அதனால்தான் தருகிறார்கள்" என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்கள் சோம்பேறிகள் என்று நினைக்கத் தொடங்குகிறார். கடைசியில் இருவருமே ஊக்கம் இழக்கிறார்கள். பிறகு மலாவி, உகாண்டா, இந்தியா, சீனா, சொலமன் தீவுகள், பப்புவா நியூகினி ஆகிய ஆறு நாடுகளில் 1,290 பேரிடம் விரிவாக ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊதிய இடைவெளியை அதிகமாக அநீதியென்று உணர்ந்தவர்கள் உள்ளூர் ஊழியர்களே. வேலையை விட்டுப் போக அதிகம் நினைத்தவர்களும் அவர்களே. கூடுதலாகப் பெற்றவர்கள் தங்கள் திறமையை உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். கொழும்பு "ஊக்கக் குறைவு" என்று பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

உங்கள் மாவட்டத்தில், உள்ளூர் ஊழியர், வெளிநாட்டு ஊழியர் என்ற இந்தப் பிரிவினைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2008 செப்டெம்பரில் சர்வதேச ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, உள்ளூர் ஊழியர்கள் பலர் குடும்பங்களோடு வன்னிக்குள்ளேயே அகப்பட்டார்கள். ஒரே நிறுவனத்தின் அடையாள அட்டையை அணிந்திருந்தாலும் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த மாவட்டம் அன்று கண்டது. இன்று உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள் அப்போது சிறுவர்களாக இருந்திருப்பார்கள். ஆலோசகரின் சம்பளத்தைக் கேட்டதும் அவர்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள் என்பதை இதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இதில் நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், செய்யக் கூடாததைச் சொல்கிறேன். அந்த இடைவெளி நியாயமானது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தப் போகாதீர்கள். ஊரை விட்டு வருகிறவருக்கு வீட்டு வாடகை, பயணம், பிள்ளைகளின் படிப்பு என்று தனிச் செலவுகள் உண்டு. அவற்றைத் தனியாகக் கொடுப்பதை யாரும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் வேலைக்கான அடிப்படை ஊதியத்தைக் கடவுச்சீட்டு தீர்மானிப்பது நியாயமில்லை. இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றுதான் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இஷ்பெல் மெக்வா-ஹெர்மனும் மேலே சொன்ன காரும் முன்னெடுத்த ஊதிய நியாயத்துக்கான முயற்சி தொண்டு நிறுவனங்களைக் கேட்கிறது. உங்கள் நிறுவனத்தின் சம்பளச் சட்டகத்தை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதை எழுத்தில் கேட்க முடியும். உள்ளூர் ஊழியர்களின் சம்பளப் படிநிலைகளையும், யார் எந்தப் படியில் ஏன் இருக்கிறார் என்பதையும் எல்லோருக்கும் திறந்து காட்ட முடியும். ஆலோசகரின் வேலை விவரத்தில், தான் செய்வதை உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சேர்க்கச் சொல்ல முடியும். களத்தில் தகவல் திரட்டியவர்களின் பெயர்கள் அறிக்கையின் முன்பக்கத்திலேயே வர வேண்டும் என்றும் வற்புறுத்த முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, இதைப் பற்றி வாய் திறந்து பேசுங்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் முகாமையாளர்களிடம் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தது. ஒன்றில் தலைமை அதிகாரியே வந்து, ஏன் குறைக்கிறோம் என்று கணக்குகளோடு விளக்கி, வருத்தம் தெரிவித்து, தொழிலாளர்களின் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மற்றதில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டுப் போனார்கள். இரண்டிலும் வெட்டு ஒன்றுதான். ஆனால் விளக்கம் சொல்லாத தொழிற்சாலையில் பொருட்கள் களவு போவது மிக அதிகமானது. வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். 2025இல் அமெரிக்க உதவி திடீரென நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் எத்தனையோ தொண்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. பணம் இல்லாமற்போனது நிர்வாகத்தின் தவறாக இல்லாமலிருக்கலாம். பேசாமல் விட்டது நிர்வாகத்தின் தவறுதான்.

இனி அந்தப் பட்டியல். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம், அந்தப் பிள்ளையின் படலையில் நடந்ததுதான். தருமபுரத்திலோ விசுவமடுவிலோ ஒரு கிராம அலுவலர் பிரிவில் 120 குடும்பங்கள் விண்ணப்பிக்கின்றன, உதவி 40 குடும்பங்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனைகளை நிதி வழங்குநர் எங்கேயோ இருந்து எழுதுகிறார்: பெண் தலைமைத்துவக் குடும்பம், மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பம், இத்தனை ரூபாய்க்குக் கீழ் வருமானம். வீடு வீடாகப் போய்ப் புள்ளியிடுபவர் கள உத்தியோகத்தர். கல்வீடு இருப்பதால் ஒரு தாய்க்குப் புள்ளி குறைகிறது. அந்த வீடு வீட்டுத்திட்டத்தில் பாதி கட்டி, மீதிக்கு அவள் பட்ட கடன் இன்னும் அடையவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பட்டியல் வெளியானதும் ஊர் யாரைக் கேட்கும்? நிதி வழங்குநரையா, கொழும்பையா? கோயிலிலும் கடையிலும் செத்தவீட்டிலும் முகம் கொடுக்க வேண்டியவர் அந்தப் பிள்ளைதான். தான் எடுக்காத முடிவுக்கு, தானே சரியென்று நம்பாத முடிவுக்கு, தன் சொந்த ஊரில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில், அதிகாரம் வேறொருவர் கையில். வேலையின் பாரம் கூடி, அதன்மேல் உள்ள பிடி குறையும்போதுதான் மனிதருக்கு மன நெருக்கீடு கூடுகிறது என்று ராபர்ட் கரசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதினார். உங்கள் பிள்ளைகளின் வேலை அதே அமைப்பில் இருக்கிறது.

ஆகவே அந்த வேலையைப் பிரித்து அமையுங்கள். அடுத்த தெரிவு தொடங்குமுன் ஊர்க் கூட்டம் ஒன்றைக் கூட்டி, நிபந்தனைகளையும் ஒவ்வொன்றுக்கும் உள்ள புள்ளிகளையும் நீங்களே போய் வாசியுங்கள். எத்தனை பேருக்கு மட்டும் கொடுக்க முடியும் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். கள உத்தியோகத்தர் தன் சொந்தக் கிராமத்தில் புள்ளியிட வேண்டாம். அயல் பிரிவுக்காரரோடு மாற்றிவிடுங்கள். இதனால் கொஞ்சம் எரிபொருள் கூடும், ஆனால் அந்தச் செலவு தகும். தற்காலிகப் பட்டியலைப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டி இரண்டு கிழமை விடுங்கள். முறைப்பாடுகள் கள உத்தியோகத்தரின் கைபேசிக்குப் போகக் கூடாது. அலுவலகத்தில் வேறொருவர் பெற வேண்டும். அவற்றை ஆராய கிராம அலுவலரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரும் நீங்களும் இருக்கும் சிறு குழு போதும். படிவத்தின் கடைசியில் "படிவத்தில் அடங்காத நிலைமை" என்று ஒரு பகுதியைச் சேர்த்து, அதில் கள உத்தியோகத்தர் எழுதுவதை அந்தக் குழு கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஆக்குங்கள். தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தாலே அந்தப் பிள்ளைகளுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். பட்டியல் இறுதியான பிறகு, பெயர் வராத குடும்பங்களுக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஒப்பந்தமும் எரிபொருள் பணமும் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த நிறுவனங்களை வைத்துக் கேட்கிறேன். ஒப்பந்தம் முடியும் கடைசிக் கிழமையில்தான் புதுப்பிப்புக் கடிதம் வருகிறதா? பரந்தன் வீதியில் முல்லைத்தீவுப் பக்கம் ஓடிய தூரத்துக்கான பணம் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கிறதா? அப்படியானால் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு, கைக்காசில் பெற்றோல் அடித்து, நிறுவனத்துக்கு அந்தப் பிள்ளைகள்தான் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருளுக்கு மாத ஆரம்பத்தில் முற்பணம் கொடுங்கள். ஒப்பந்தத்தைப் பற்றிய முடிவு எதுவானாலும் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். "இன்னும் தெரியாது" என்பதும் ஒரு தகவல்தான், அதையும் சொல்லுங்கள்.

பட்டறைக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதை உங்களுக்கும் உங்கள் குழுத் தலைவர்களுக்கும் செலவழியுங்கள். கிரீன்பெர்க் 2006இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். மருத்துவமனைகளில் சம்பள முறையை மாற்றியதால் வருமானம் குறைந்த தாதியருக்கு நித்திரை கெட்டது. சில மருத்துவமனைகளில் மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள்: ஊழியரை மரியாதையோடு நடத்துவது, கேட்பது, காரணத்தை ஒளிக்காமல் சொல்வது. அவர்களுக்குக் கீழே வேலை செய்த தாதியரின் நித்திரையின்மை மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. சம்பளம் திரும்பவில்லை, நித்திரை திரும்பியது. உங்கள் பிள்ளைகளுக்கும் நித்திரை இல்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? இந்தப் பயிற்சிக்கு என்னைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருகிறேன். அதோடு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியே இருந்து பேசும் வழக்கத்தைத் தொடங்குங்கள். இலக்கு எத்தனை முடிந்தது என்று அந்த நேரத்தில் கேட்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் போக மனம் வரவில்லை என்று கேளுங்கள்.

களத்தில் ஏதாவது கொடிய சம்பவம் நடந்தால் எல்லோரையும் வட்டமாக இருத்தி, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கும் பழக்கம் சில நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். இப்படி ஒரே அமர்வில் கிளறிவிடுவது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதால் உலக சுகாதார அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை. அருகில் இருப்பது, தேவையைக் கேட்பது, வீட்டாரோடு சேர்த்துவிடுவது, ஓய்வு கொடுப்பது ஆகியவை போதும். பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவரை விட்டுவிடுங்கள்.

வேலையைத் திருத்தினாலும் தேறாதவர்கள் ஓரிருவர் இருப்பார்கள். வாரக்கணக்கில் நித்திரையில்லை, குடி கூடுகிறது, வாழ்ந்து என்ன என்று பேசுகிறார் என்றால் தாமதிக்காமல் மாவட்ட பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சம்பளத்தோடு லீவு கொடுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள், தமிழிலும் பேசலாம்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. மேலே கொழும்பு, கீழே பிள்ளைகள், நடுவில் நீங்கள். மற்ற நிறுவனங்களில் உங்களைப் போல இருக்கும் முகாமையாளர்கள் கிளிநொச்சியிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை நான்கைந்து பேராக, அறிக்கையும் ஆலோசகரும் இல்லாமல் கூடுங்கள். உங்கள் நிறுவனத்துக்குள் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம்.

கொழும்புக்குப் பதில் எழுதும்போது கெஞ்ச வேண்டியதில்லை. அவசர நிலைகளில் உளநலமும் உளசமூக ஆதரவும் பற்றி 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டியில், ஊழியர்களினதும் தொண்டர்களினதும் உளநலத்தைக் காப்பது நிறுவனங்களின் பொறுப்பு என்று தனிப் பகுதியே இருக்கிறது. மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தரநிலையின் எட்டாவது உறுதிமொழியும் ஊழியர் நிர்வாகத்தைப் பற்றியதுதான். நிதி வழங்குநருக்கு உங்கள் நிறுவனம் அனுப்பும் விண்ணப்பங்களில் இவற்றின் பெயர்கள் அநேகமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். பிறகு நான்கு விடயங்களை மட்டும் கேளுங்கள்: பட்டறைப் பணத்தை மேற்பார்வையாளர் பயிற்சிக்கு மாற்ற அனுமதி, எரிபொருள் முற்பணம், இரண்டு மாத முன்னறிவிப்பு, அலுவலகத்தில் முறைப்பாடுகளைப் பெற ஓர் ஆள். சம்பளச் சட்டகம் பற்றிய கோரிக்கையை வேறொரு கடிதமாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் அதைச் சாட்டி மற்ற நான்கையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். வரைவை எனக்கு அனுப்பினால் அந்தக் கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன்.